சின்னக் காரும் பெரிய ஜீப்பும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தனியார் கார்களுக்கும் நீங்கிற்று. அன்று தொட்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓரளவு வருவாயுள்ள தமிழ்க் குடும்பங்களிலே ஒரு கேள்வி ஓயாமல் பேசப்பட்டு வருகிறது. வாசலில் நிற்கும் சின்னக் காரை விற்றுவிட்டு நடுத்தர அளவிலான ஜீப் ஒன்றை வாங்குவதா, அன்றேல் இருப்பதைக் கொண்டு இன்னுஞ் சில காலம் ஓட்டுவதா? கலியாண வீட்டிலும், கோயில் வீதியிலும், பாடசாலை ஆசிரியர் அறையிலும் இக்கேள்வியே எழுகிறது.

விற்பனையாளர் எஸ்.யூ.வி. என்று எழுதும் வண்டியை நம்மவர் ஜீப் என்றே வழங்குகின்றனர். எந்த நாட்டில் எந்தக் கம்பனி செய்ததாயினும், என்ன பெயர் சூட்டியதாயினும், தரையிலிருந்து உயர்ந்து, பருத்து, அகன்ற சில்லுகளோடு நிற்கும் வண்டி நமக்கு ஜீப்தான். இந்தப் பெயர் வழக்கு வெறும் பழக்கமன்று. இந்நாட்டில் அத்தகைய வண்டியில் முதலில் யார் வந்தார்கள், யாரைக் கண்டு யார் ஒதுங்கினார்கள் என்னும் வரலாறு அதனுள் உறைந்து கிடக்கின்றது.

எந்த வண்டியை வாங்குவது என்பது அவரவர் பணத்தையும் விருப்பத்தையும் பொறுத்த விடயம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். விருப்பம் என்பது வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு வரிப் பட்டியல் இருக்கிறது. ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. சீர்குலைந்த ஒரு பஸ் சேவை இருக்கிறது. நமக்கென்று தனியாக ஒரு பயமும் இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பின், நாம் தேர்ந்தெடுத்ததாக எண்ணும் வண்டியை நமக்காக வேறு பலர் முன்னரே தேர்ந்து வைத்திருப்பதைக் காண்போம்.

கொழும்பின் போக்குவரத்து வரலாறு உழைப்பாளியின் முதுகிலிருந்து தொடங்குகிறது. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் பின்னர் றிக்ஷா வந்தது. அதை இழுத்தோருள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தமிழர். 1899இல் ஓர் ஆங்கிலேயக் கம்பனி மின்சார ட்ராம் வண்டிகளை ஓடவிட்டது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் இன்னொரு பாதை பொரளைக்கும் சென்றது. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளிக்கு ட்ராம் எட்டும் தூரத்தில் இருந்தது. வெள்ளவத்தைக்கு ட்ராம் வரவில்லை. அங்குள்ளோருக்குக் கடலோர ரயில் பாதை கைகொடுத்தது. கோட்டைக் கந்தோர்களுக்குச் சென்ற எழுதுவினைஞர்கள் அந்த ரயிலை நம்பியே வெள்ளவத்தையில் வாடகை வீடு பிடித்தனர். அதே வெள்ளவத்தையின் நெசவாலைத் தொழிலாளரோ நடந்தே வேலைக்குச் சென்றனர். 1933இல் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்து இந்நாட்டு இடதுசாரி இயக்கத்துக்கு வித்திட்டவர்கள் அவர்கள்.

காரோ ஆள்வோர்க்கும் தோட்டத் துரைமார்க்கும் உரியதாக இருந்தது. 1904இலேயே கார் வைத்திருந்தோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். சாதாரண மக்கள் எதிர்பார்த்தது காரையன்று. ட்ராமையும், ரயிலையும், பின்னர் பஸ்ஸையுமே. ஆகவேதான் மக்களின் போராட்டங்களும் அவற்றைச் சுற்றி எழுந்தன. 1929இல் ஏ. ஈ. குணசிங்க வழிநடத்திய ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் மருதானையிலே பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையாகிச் சில உயிர்களைப் பறிகொடுத்தது. ஒரு நகரத்தின் மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதைக் கொண்டு அவர்களுக்கு எது இன்றியமையாததாக இருந்தது என்று அறியலாம். கொழும்பு மக்கள் ட்ராமுக்காகப் போராடினார்கள்.

ஜீப் என்னும் வண்டி நாட்டுக்குள் வந்தது வேறொரு வழியால். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கென 1941 முதல் பல இலட்சக் கணக்கில் செய்யப்பட்ட வண்டி அது. மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை 1944இல் கண்டிக்கு மாற்றிய காலத்தில் இலங்கையின் வீதிகளில் ஜீப் ஒரு பழகிய காட்சியாயிற்று. போர் முடிந்தபின், 1948இல், பிரித்தானியர் அதே மாதிரியைப் பின்பற்றி லான்ட் றோவரைச் செய்தனர். பொலிஸ் உத்தியோகத்தர், நில அளவையாளர், தோட்டத் துரை, இராணுவ அதிகாரி என்போரே அதில் ஏறினர். மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் ஓட வேண்டிய உண்மையான தேவை அவ்வண்டிக்கு இருந்தது. ஆயினும் லயத்துக்கு முன்னால் அது வந்து நின்றபொழுது தொழிலாளி கண்டது அதிகாரத்தையேயாகும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் பொதுப் போக்குவரத்தை மக்கள் உடைமையாக்கும் ஒரு பெருமுயற்சி நடந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபம் வரும் பாதையில் மட்டுமன்றி, வராத கிராமத்துக்கும் பஸ் ஓட வேண்டுமென்ற கொள்கை அதனோடு பிறந்தது. முற்போக்காளர் அனைவரும் வரவேற்ற செயல் அது. ஆனால் அதே பஸ்ஸின் இலக்கத் தகட்டில் வேறொன்றும் ஏறி வந்தது. மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் பொறிக்க வேண்டுமென்று 1957இல் விதியாயிற்று. தமிழரசுக் கட்சியினர் தமிழ் ‘ஸ்ரீ’ எழுத்தைப் பொறித்து வண்டியோட்டித் தம் எதிர்ப்பைக் காட்டினர். 1958 மார்ச்சில் சிங்கள எழுத்தைத் தாங்கிய அரசாங்க பஸ்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது எதிர்ப்பு மூண்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகள்மீது தார் பூசப்பட்டது. 1957 யூலையில் கைச்சாத்திடப்பட்ட பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலிற் கைவிடப்பட்டது. மே மாதத்தில் தமிழர் இரத்தஞ் சிந்தினர். மக்களுக்காக வந்த பஸ்ஸே ஒரு பகுதி மக்களுக்கு அவமதிப்பைச் சுமந்து வந்தது. பொதுவுடைமையான ஒன்றைத் தமதெனத் தமிழர் முழு மனத்தோடு உரிமை பாராட்ட இயலாமற் போனமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அதன்பின் நகரம் ஒவ்வொன்றாக இழந்தது. 1944இல் மாநகர சபை தன்வசம் எடுத்திருந்த ட்ராம் சேவை 1960இல் முற்றாக நின்றது. அதற்கு மாற்றாக 1953 முதல் ஓடிய மின்சார றொலி பஸ்களும் 1964இல் மறைந்தன. மின்சாரத்தால் ஓடும் பொது வண்டிகளைக் கைவிட்ட அதே நகரம் அறுபது ஆண்டுகளின் பின்னர் மின்சாரக் காரைப் புதுமையென்று விளம்பரஞ் செய்கிறது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1970க்குப் பின் பிடி மேலும் இறுகிற்று. இருந்த மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும், போர்ட் அங்கிலியாவும், பியஜோவும் தந்தையிடமிருந்து மகனுக்கு வீடு வளவைப் போலக் கைமாறின. பஞ்சிகாவத்தையின் பழைய இரும்புக் கடைகளும், வாசற் சந்திகளில் இருந்த மெக்கானிக்குகளும் அவ்வண்டிகளுக்கு உயிர் கொடுத்தனர். கிடைக்காத உதிரிப்பாகத்தைத் தாமே கடைந்தெடுத்தனர். இத்தொழில் நுட்பத்தின் பெருமையை ஒரு செய்தியால் விளக்கலாம்: 1990களில் மொறிஸ் மைனர் காரின் உதிரிப்பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. பற்றாக்குறை மனிதனைப் பிச்சைக்காரனாக மட்டுமே ஆக்குமென்று சொல்வோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

1977இல் பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவை அகலத் திறந்தது. ஜப்பானில் ஓடிக் கழித்த டட்சன், ரொயோட்டா, மிற்சுபிசி வண்டிகள் புதுப்பிக்கப்பட்டு வந்திறங்கின. அதே காலத்தில் தனியார் பஸ்களுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. போக்குவரத்துச் சபை பிரதேசச் சபைகளாகத் துண்டாடப்பட்டது. கார் உள்ளே வந்ததும் பஸ் சேவை நலிந்ததும் ஒரே கொள்கையின் இரு கைகள் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

1983 யூலையைச் சொல்லாமல் கொழும்புத் தமிழரின் கார் வரலாற்றைச் சொல்ல இயலாது. அந்த நாள்களிற் காடையர் வீதிகளை மறித்தனர். வண்டிகளை நிறுத்தி, உள்ளேயிருப்போர் தமிழரா என்று பேச்சைக் கொண்டு சோதித்தனர். பெற்றோலை வடித்தெடுத்து அதனாலேயே வண்டியையும் வீட்டையும் கொளுத்தினர். வெள்ளவத்தையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பல ஆண்டு சேமித்து வாங்கிய கார் ஒரு குடும்பத்துக்குத் தப்பியோடும் வழியுமாயிற்று, அகப்பட்டுக்கொள்ளும் பொறியுமாயிற்று. கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு செல்லும் வண்டியிடம் நம்மவர் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஆராய்வோர் இந்த அநுபவத்தை ஒதுக்கிவிடலாகாது.

சின்னக் காரின் காலம் அதன்பின் வந்தது. 1983இன் இறுதியில் இந்தியாவில் பிறந்த மாருதி 800, மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. வலுவுங் கொண்டது, எடை ஏறத்தாழ 650 கிலோகிராம். அதுவும், அதன் வழிவந்த அல்டோவும், பின்னர் ஜப்பானிலிருந்து வந்த வகன் ஆரும் ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரி, தாதி ஆகியோரின் வீடுகளுக்கு முதன்முதலாகக் காரைக் கொண்டுவந்தன. பின்கதவை மேலே தூக்கித் திறந்தால் இரண்டு பை வைக்கலாம், ஒழுங்கைக்குள் திருப்பலாம், ஒரு லீற்றரில் நெடுந்தூரம் போகலாம். இதனைச் சாத்தியமாக்கியது லீசிங் என்று வழங்கும் குத்தகைக் கடன். 2000ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மாதச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு கடனுக்குப் போனாலும், மழையில் நனையாமல் பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிடும் நிம்மதி பெரிதாக இருந்தது. இதனை ஆடம்பரம் என்று நகையாடுவது நியாயமன்று.

சின்னக் கார் நம்மவரின் வீடுகளுக்கு வந்த அதே காலத்தில் பெரிய ஜீப் ஆள்வோரின் சின்னமாக வளர்ந்தது. 1982இல் ஜப்பானில் அறிமுகமான பஜரோ, 1990களில் அமைச்சர் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. தீர்வையின்றி வண்டி இறக்கும் அநுமதிப் பத்திரங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு வழங்கப்பட்டன. அப்பத்திரங்களே கைமாறி விலைபோயின. காலி வீதியில் முன்னும் பின்னும் மெய்க்காவலர் ஜீப்புகள் புடைசூழப் பிரமுகர் ஒருவர் விரைந்தால், சின்னக் காரும் ஓட்டோவும் ஒதுங்கிக் கானோரத்தில் நின்றன. போர்க் காலத்தில் சோதனைச் சாவடிகளில் மறிக்கப்பட்டதும் சின்னக் காரே. ஓட்டுபவரின் அடையாள அட்டையில் தமிழ் எழுத்தும் யாழ்ப்பாணத்துப் பிறந்தவிடமும் இருப்பின் வண்டி ஓரங்கட்டப்பட்டது. 2007 யூன் 7ஆந் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளிலிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை நிறுத்திற்று. பொது வண்டியில் பலவந்தமாக ஏற்றப்பட்ட நினைவும், பெரிய வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிய நினைவும் ஒரு தலைமுறையின் உள்ளத்தில் அருகருகே கிடக்கின்றன. அன்று ஒதுங்கி நின்றவனின் மகன் இன்று ஜீப்பின் உயர்ந்த இருக்கையில் அமர விரும்புகிறான். உயரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறதென்று அவனுக்குப் படுகிறது.

வெறும் படோடோபத்துக்காகவே எல்லோரும் ஜீப்பை நாடுகிறார்கள் என்பதும் பொருந்தாது. எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் பத்தாண்டாக அல்டோ ஓட்டுபவர். அவர் தமது கணக்கை ஆசிரியர் அறையில் ஒருநாள் எடுத்து வைத்தார். தாயாருக்கு முழங்கால் நோவு; தாழ்ந்த காரில் குனிந்து ஏறவும் இறங்கவும் முடிவதில்லை. மழை பெய்தால் ஒழுங்கையில் வெள்ளம் தேங்கி எஞ்சினுக்குள் நீர் புகுகிறது. ஆண்டுக்கு இரு தடவையாவது ஊருக்குப் போக வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஐந்து பேரும் பயணப் பைகளும் சின்னக் காரில் அடங்கா. இக்காரணங்களை யாரும் மறுக்க இயலாது. அந்த வீதியின் கதையை அறிந்தவர்கள் அதன் அருமையையும் அறிவர். 1990களில் கிளாலிக் கடலைத் தோணியில் உயிரைக் கையிற் பிடித்துக் கடந்தோம். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடிற்று. போர் முடிந்த பின்னரே வழி பிறந்தது. சொந்த வண்டியில் சொந்த ஊருக்குப் போவதென்பது நமக்கு உல்லாசப் பயணமன்று.

ஆயின் இவ்வாசிரியரின் தேவைக்கும் சந்தையில் அவருக்குக் காட்டப்படும் வண்டிக்கும் இடையே ஒரு வரிப் பட்டியல் நிற்கிறது. இலங்கையில் பெற்றோல் வண்டியின் தீர்வை பெரிதும் எஞ்சினின் சி.சி. அளவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 1000 சி.சி.க்கு உட்பட்டதற்குச் சலுகை. மேலே போகப் போகச் சுமை. இதனோடு சுங்க வரி, அதன் மேல் மிகைவரி, விலையுயர்ந்த வண்டிக்குச் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேலாக 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. ஜப்பானிலும் ஆண்டு வரியின் முதற்படி 1000 சி.சி.யோடு முடிகிறது. எனவேதான் 2019 நவம்பரில் வெளிவந்த ரொயோட்டா றெய்ஸ் என்னும் சிறு ஜீப்பின் எஞ்சின் 996 சி.சி. ஆயிற்று. வடிவம் ஜீப்புக்கு, எஞ்சின் வரிப் பட்டியலுக்கு. பெற்றோலும் மின்கலமும் கலந்து ஓடும் ஹொண்டா வெசல், 2013இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்து அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பை நிறைத்தமைக்கும் அக்காலத்தில் கலப்பின வண்டிகளுக்குக் கிடைத்த வரிச் சலுகையே முதற் காரணம். வாங்குபவர் வண்டியைத் தேர்ந்தாரா, வரிப் பட்டியல் வாங்குபவரைத் தேர்ந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜீப்பை உலகச் சந்தைக்குள் தள்ளிய அமெரிக்காவிலும் சட்டத்தின் ஓட்டை வழியாகவே அது வளர்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல், கார்கள் ஒரு கலனில் இத்தனை மைல் ஓட வேண்டுமென அமெரிக்கா விதித்தது. சிறு லொறிகளுக்குத் தனியான, இளகிய விதி கிடைத்தது. விவசாயியும் தச்சனும் உபயோகிக்கும் வண்டிகளென்பது சாட்டு. கம்பனிகள் லொறியின் சட்டத்துக்குள் குடும்பக் காரை ஒளித்து வைத்தன. 1984இன் ஜீப் செரோக்கியும் 1990இல் வந்த போர்ட் எக்ஸ்புளோறரும் அவ்வாறு செல்வாக்குப் பெற்றவையே. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணக்கின்படி 2023இல் உலகெங்கும் விற்ற கார்களுள் 48 சதவீதம் எஸ்.யூ.வி. வகையின. சராசரி நடுத்தரக் காரைவிட அவை 200 முதல் 300 கிலோகிராம் வரை எடை கூடியவை.

எடையைப் பற்றி நமது ஒழுங்கைகளுக்குப் பொருத்தி எண்ணிப் பார்ப்போம். மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ. வெசல் 1250 கிலோவுக்கு மேல். ஒருவரைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோக இரு மடங்கு இரும்பு நகர்கிறது. ஹம்டன் ஒழுங்கையோ ஜம்பட்டா வீதியோ இரு மடங்கு அகலவில்லை. புறக்கோட்டைப் பக்கத்தில் சுமை வண்டி தள்ளும் நாட்டாமைத் தொழிலாளியும், குடத்தோடு வீதி கடக்கும் பெண்ணும், பாடசாலைப் பிள்ளையும் அதே ஒடுங்கிய தெருவிலேதான் நடக்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, முன்மூடி ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியை மோதும்போது, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டியைவிட உயிரிழப்பு ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதலாக நேர்வதைக் காட்டிற்று. நடுத்தர ஜீப்புகள் எல்லாம் அவ்வளவு உயர்ந்தவையல்ல என்பது மெய். ஆயினும் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் உயரம் வெளியே நடப்பவரின் நெஞ்சுக்கு நேராக வருகிறது என்பதை ஒரு குழந்தையும் அளந்து சொல்லிவிடும்.

அடுத்து, டொலர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. வரிசையில் நின்றே மாண்டவர் உளர். யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த 20 லீற்றரும் அல்டோவுக்கும் ஒன்றே, மூவாயிரம் சி.சி. ஜீப்புக்கும் ஒன்றே. ஆனால் அந்த 5 லீற்றரைக் கொண்டு குடும்பத்துக்குச் சோறு தேட வேண்டியிருந்த ஓட்டோச் சாரதி, உலாப் போகவும் கந்தோருக்குப் போகவும் நான்கு மடங்கு பெற்றவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிசையில் நின்றார்.

2024ஆம் ஆண்டில் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 660 கோடி டொலர். தேயிலை ஏற்றுமதி ஈட்டியது ஏறத்தாழ 140 கோடி டொலர். குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணும், கொழுந்து பறிக்கும் மலையகத் தாயும் ஈட்டும் இந்த டொலர்களே ஜப்பானியத் துறைமுகத்தில் ஜீப்புக்கு விலையாகின்றன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தடை நீங்கிய பின் புதிதாக இறங்கும் நடுத்தர ஜீப் ஒரு கோடி ரூபாவை நன்கு தாண்டிய விலையுடையது. அச்சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை செய்து, ஒரு சதமுஞ் செலவழியாமல் சேர்த்தாலும், அவள் ஒரு கோடியைக் காண ஏறத்தாழ 25 ஆண்டுகள் செல்லும். அந்த ஜீப்பில் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, இருக்கைதான் இல்லை.

இந்நாட்டு வாகனப் பதிவேட்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் உள. அவற்றுட் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். காரும் இல்லாமல் சைக்கிளும் இல்லாமல் பஸ்ஸை நம்பி வாழ்வோர் இப்பதிவேட்டில் இடம்பெறாதவர்கள். அவர்களுக்கு என்ன செய்தோம்? கோட்டையிலிருந்து மாலபே வரை இலகு ரயில் பாதை அமைக்க ஜப்பான் மிகக் குறைந்த வட்டியில் கடன் தர ஒப்பியிருந்தது. செலவு மிகுதியென்று காரணங் கூறி அத்திட்டத்தை 2020 செப்டெம்பரில் அரசாங்கம் கைவிட்டது. வாகன இறக்குமதியும் அதே ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டு சென்றபின் ஜீப் திரும்பி வந்துவிட்டது. ரயில் வரவில்லை.

பஸ்ஸில் போகலாமே என்று காரோட்டிகளுக்குப் புத்தி சொல்வதும் எளிது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நடத்திய ஆய்வொன்று, இலங்கையிற் பொதுப் போக்குவரத்தில் 90 சதவீதமான பெண்களும் சிறுமியரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது பாலியற் சேட்டைக்கு ஆளானதைக் காட்டிற்று. நான் கற்பிக்கும் வகுப்பிலுள்ள பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போது புத்தகப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது ஏனென்று யாருஞ் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகளைப் பெற்ற ஒருவர் கடன்பட்டேனும் கார் வாங்குவதை இவ்வுண்மையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். பொது வண்டி பாதுகாப்பற்றதாக இருக்கும் வரை தனி வண்டி ஆடம்பரமென்று யாரும் உபதேசிக்க இயலாது. ஆனால் தனி வண்டியில் ஏறியவர் பொது வண்டியை மறந்துவிட்டால், பஸ்ஸில் எஞ்சி நிற்கும் பெண்ணுக்காகக் குரல் கொடுக்க வலுவுள்ளோர் யாரும் மிஞ்சார். நடுத்தர வர்க்கம் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒவ்வொரு தடவையும் பஸ் இன்னும் சீர்கெட்டது. சீர்கெட்ட பஸ் இன்னும் பலரை இறக்கிவிட்டது. 1977க்குப் பின் இவ்வட்டமே சுழன்று வருகிறது.

ஆகவே ஜீப் வாங்குவதா, விடுவதா என்ற கேள்விக்கு என்ன விடை? முழங்கால் நோவுள்ள தாய்க்காகவும் ஊர்ப் பயணத்துக்காகவும் உயர்ந்த இருக்கையுள்ள வண்டி தேவையெனின், தேவையின் அளவுக்கே வாங்குக. அதில் எடை குறைந்ததும், முகப்புத் தாழ்ந்ததும், எரிபொருள் குறைவாகக் குடிப்பதுமே நல்லது. ஆண்டில் இரு தடவை செல்லும் பயணத்துக்காக எஞ்சிய 360 நாளும் ஒழுங்கையை அடைத்து நிறுத்துவதினும், அந்த நாட்களுக்கு வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவது மலிவு. பெறுமதியின் எத்தனை பங்குக்குக் கடன் கொடுக்கலாமென்று மத்திய வங்கி 2015 முதல் பல தடவை வரம்பு கட்டியமை வீண் கெடுபிடியன்று. ஒரு குடும்பத்தின் கடனும் ஒரு நாட்டின் கடனும் ஒரே வண்டியில் ஏறிச் செல்கின்றன என்பதை 2022இல் நாமெல்லோரும் வரிசையில் நின்று கற்றோம்.

ஆனால் இவை அவரவர் வீட்டுக் கணக்கு. அதற்கு அப்பால் நம் எல்லோருக்கும் பொதுவான கணக்கொன்று உண்டு. வெள்ளவத்தை ரயில் நிலையத்திற் காலையில் வரும் ரயிலின் வாசலில் தொங்காமல் உள்ளே நின்று போக இடம் வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு நேரத்துக்கு வரும், வெளிச்சமுள்ள பஸ் வேண்டும். பெயர்ப் பலகையும் அறிவிப்பும் தமிழிலும் இருக்க வேண்டும். 1958இன் காயம் அப்பொழுதுதான் ஆறும். கைவிடப்பட்ட இலகு ரயில் திட்டத்தை மீள எடுக்க வேண்டும். ஜீப்பின் விலையைப் பற்றி ஒரு மாலை முழுதும் பேசும் நாம் இவற்றைக் கேட்டு ஒரு மனுவிலாவது கையொப்பமிட்டதுண்டா? 1899இல் ஓர் அந்நியக் கம்பனி தன் இலாபத்துக்காகக் கொழும்பு ஏழைக்கு ட்ராம் ஓட்டிற்று. அது தன் இலாபத்துக்காகச் செய்ததை, மக்களின் வாக்கால் வந்த அரசாங்கம் மக்களின் நலனுக்காகச் செய்ய வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது.